மேப்பைச் சுருட்டி வெச்சுட்டு மார்க்கெட்டுக்கு வாங்க

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சாக்கு மேல உக்காந்துடாதீங்க, உள்ள கத்தரிக்கா இருக்கு. இந்த வெங்காய மூட்டை மேல உக்காருங்க, கவர்மெண்டு ஆளையும் தாங்கும். கக்கத்துல என்ன சுருட்டி வெச்சிருக்கீங்க? ஊர் மேப்பா? இருவது வருசத்துக்கான மாஸ்டர் பிளானா? பேஷ், பேஷ். நாளைக்கு வாழைத்தார் என்ன விலை போகும்னு எனக்கும் தெரியல, மண்டிக்காரருக்கும் தெரியல. நீங்க இருவது வருசத்தையே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டாந்துட்டீங்க. படிப்புன்னா சும்மாவா!

விரிங்க, பாப்போம். ஆகா, என்ன கலரு! மஞ்சள் குடியிருப்பு, நீலம் வியாபாரம், பச்சை வயக்காடு. எங்க ஊரு வயலு இன்னும் பச்சையிலதான் இருக்கா, மஞ்சளுக்கு மாறிடுச்சா? சும்மா கேட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எங்க வயலுக்கு அடுத்தாப்புல பிளாட்டுக் கல்லு நட்டவரு, உங்க மேப்பு வர்றதுக்கு முன்னாலயே மஞ்சளுக்கு மாறிட்டாரு. தொலைநோக்குல அவரு உங்களுக்கு அண்ணன்.

நம்ம திருச்சி காந்தி மார்க்கெட்டு எங்க? இந்த நீலப் பொட்டா? அழகாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தீங்கன்னா அந்தப் பொட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டன்சத்திரத்து லாரியும் பெங்களூரு லாரியும் கீழப்புலிவார்டு ரோட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் ஒரு பக்கம் இறங்கும், நாசிக்குப் பெரிய வெங்காயம் இன்னொரு பக்கம் இறங்கும். லோடுமேன் தலையில சும்மாடு கட்டிக்கிட்டு "வழி, வழி"ன்னு கத்திக்கிட்டே ஓடுவான். கீரைக்கட்டு, கறிவேப்பிலை, வாழை இலையோட கிராமத்துப் பொம்பளைங்க தஞ்சாவூர் ரோட்டுல வந்து இறங்குவாங்க. நாலு மணிக்குச் சில்லறைக் கடைக்காரன், அஞ்சு மணிக்கு ஓட்டல்காரன், ஆறு மணிக்குத் தள்ளுவண்டிக்காரன். ஏழு மணிக்கு எல்லாம் ஓஞ்சு, பள்ளிக்கூட ஆட்டோ வந்து நெரிசலைத் தொடரும்.

உங்க ஆளுங்க போக்குவரத்துக் கணக்கெடுக்க வந்தது காலையில பதினோரு மணிக்கு. அப்ப மொத்த யாவாரம் முடிஞ்சு லோடுமேன் தூங்கப் போயிட்டான். மிச்சமிருந்தது முட்டைக்கோஸ் தழை தின்ன வந்த மாடுங்க. அதுங்களையும் கணக்குல சேத்துருந்தா சொல்லுங்க, சந்தோசப்படும்.

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு முன்னாலயும் ஆளுங்க பிளான் போட்டிருக்காங்க. இந்த மார்க்கெட்டு 1868ல ஆரம்பிச்சது, 1927ல பெருசாக்கி, காந்தி பேரை வெச்சாங்க. அதுக்கும் முன்னால கோட்டையைச் சுத்தி அகழி இருந்துச்சு. அகழியைத் தூத்துத்தான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் வந்துச்சு. அகழி இருந்தப்ப எதிரி மட்டும் உள்ள வர முடியாது. ரோடு போட்டப்புறம் யாராலயும் உள்ள வர முடியல. முன்னேத்தம்தான்.

அப்புறம் ஊரு வளந்துச்சு. 1994ல திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை மூணு நகராட்சியையும் ஒண்ணாக்கி மாநகராட்சின்னாங்க. பின்னால திருவெறும்பூர்ப் பக்கமும் சேந்துச்சு. இப்ப 65 வார்டு, 167 சதுர கிலோமீட்டர். சனத்தொகை? 2011 கணக்குப்படி 9 லட்சத்துச் சொச்சம். அதுக்கப்புறம் நம்மள யாரும் எண்ணவே இல்ல. 2021ல எண்ணியிருக்கணும், கொரோனா வந்துச்சு, தள்ளிப் போச்சு. அடுத்தது 2027ன்னு சொல்லியிருக்காங்க. 2011ல பொறந்த என் பேரனுக்கு மீசை அரும்புது. உங்க பிளான்ல அவன் இன்னும் தொட்டில்லதான் கிடக்கான். அவனுக்குத் தண்ணி எவ்வளவு, பஸ் எத்தனைன்னு தொட்டிலை வெச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. உங்க தைரியத்தைப் பாராட்டணும்.

சரி, மார்க்கெட்டைத் தூக்கி வெளிய வெக்கணும்ங்கறது நல்ல யோசனையா கெட்ட யோசனையான்னா கேக்குறீங்க? நல்ல யோசனைதான். ஊரு நடுவுல நூறு லாரி வந்து நிக்குறது நியாயமில்லைன்னு எங்களுக்கும் தெரியும், புகையை நாங்கதானே குடிக்கிறோம். ஆனா நல்ல யோசனையை எப்படிப் பாழாக்குறதுங்கறதுக்கு நம்ம ஊருலயே ஒரு பாடம் கட்டி வெச்சிருக்காங்க. மதுரை ரோட்டுல போனா கள்ளிக்குடின்னு வரும். இங்கேருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும். அங்க 77 கோடி ரூபாய்க்கு காய், கனி, பூ எல்லாத்துக்கும் ஒரே மத்திய வணிக வளாகம். 2017 செப்டம்பர்ல திறந்தாங்க. கடைங்க வரிசை வரிசையா இருந்துச்சு, பாக்கக் கண்ணு நிறைஞ்சுச்சு. யாவாரி மட்டும் வரல.

ஏன் வரலன்னு அப்புறமாத்தான் கேட்டாங்க. கடை ரொம்பச் சின்னதுன்னு ஒருத்தரு சொன்னாரு. அவ்வளவு தூரத்துக்குச் சில்லறை வாங்குறவன் வரமாட்டான்னு இன்னொருத்தரு சொன்னாரு. லோடுமேனோட குடும்பம் வரகனேரியிலயும் தாராநல்லூர்லயும் இருக்கு, நடுராத்திரி அவன் எதுல ஏறி வருவான்னு சங்கத்துக்காரரு கேட்டாரு. இந்த மார்க்கெட்டுல மொத்தமும் சில்லறையும் ஒரே வயித்துப் புள்ளைங்க. மொத்தத்துல கழிஞ்சது சில்லறைக்குப் போகும், சில்லறையில மிஞ்சினது ஓட்டலுக்குப் போகும். ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்து அவ்வளவு தூரம் தள்ளி வெச்சா ரெண்டும் நொந்துபோகும். 2018ல ஒரு தடவை கொஞ்சம் பேரு போய்க் கடை போட்டுப் பாத்தாங்க, நிலைக்கல. பொண்ணு வீட்டுல பேசல, மாப்பிள்ளை சம்மதம் கேக்கல, ஆனா மண்டபம் பிடிச்சு, சீரியல் லைட்டும் போட்டு, நாதஸ்வரத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. தாலி கட்டத்தான் ஆளு இல்ல.

மார்க்கெட்டை மாத்தவே முடியாதுன்னு நினைச்சுடாதீங்க. 2020ல கொரோனா வந்தப்ப ஒரே ராத்திரியில மாத்திக் காட்டினாங்க. இதை மூடிட்டு மொத்த யாவாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டு போனாங்க. கட்டடம் இல்ல, ஏ.சி. இல்ல, பொட்டல் காடு. அங்கயும் யாவாரம் நடந்துச்சு. மழை பேஞ்சா சேத்துல நின்னு நடந்துச்சு. அந்த நேரத்துல இங்க திறக்கவே கூடாதுன்னு கோர்ட்டுல ஒரு வழக்கு, தடை, அப்புறம் தடை நீக்கம்னு போய், நவம்பர் கடைசியில திரும்ப இங்கயே வந்து சேந்தோம். 77 கோடிக் கட்டடத்துக்குப் போகாத யாவாரி பொட்டல்ல கடை போட்டான். ஏன்? ஜி கார்னருக்கு லாரி வரும், பஸ் வரும், லோடுமேன் சைக்கிள்லயே வந்துடுவான். கள்ளிக்குடியில கடை வரைஞ்சவங்க அந்த ஒரு சங்கதியை வரைய மறந்துட்டாங்க.

இப்ப பஞ்சப்பூர் வந்திருக்கு. பெரிய வேலைதான், குறை சொன்னா நாக்கு அழுகிடும். 2025 மே மாசம் 9ஆம் தேதி பஸ் முனையத்தைத் திறந்தாங்க, ஜூலையில பஸ்ஸுங்க ஓட ஆரம்பிச்சுச்சு. 400 கோடிக்கு மேல செலவு, 40 ஏக்கர். பக்கத்துலயே லாரி முனையம். அன்னிக்கே பெரியார் பேருல காய்கறி, பழ மார்க்கெட்டுக்கும் அடிக்கல் வெச்சாங்க, 22 ஏக்கர், 236 கோடி. டைடல் பூங்காவும் அங்கதான். துவாக்குடியிலேருந்து பஞ்சப்பூருக்கு ஒண்ணு, சமயபுரத்துலேருந்து வயலூருக்கு ஒண்ணுன்னு மெட்ரோ ரயிலுக்கும் கோடு போட்டு வெச்சிருக்காங்க. பஸ்ஸு, லாரி, காய், கம்ப்யூட்டரு, ரயிலு எல்லாத்தையும் ஒரே இடத்துல சேக்கணும்னு யாரோ நினைச்சிருக்காங்க பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு. கள்ளிக்குடியில இல்லாத புத்தி இதுல இருக்கு.

கும்பிட்ட கையோட ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். மேப்புல பஞ்சப்பூர் ஓரமா ஒரு நீலக்கோடு வளைஞ்சு போகுதே, அது என்ன? ரோடா? இல்லையே. அது கோரையாறு, தம்பி. மணப்பாறைப் பக்கத்து மலைத் தண்ணியை வாரிக்கிட்டு வர்ற காட்டாறு. வருசம் பூரா செத்த பாம்பா கிடக்கும், யாரும் மதிக்க மாட்டாங்க. 2005ல அதுவும் குடமுருட்டியும் சேந்து ஊருக்குள்ள வந்துச்சு. எடமலைப்பட்டிப் புதூர், கருமண்டபம், உறையூர் ஆளுங்களைக் கேளுங்க, தண்ணி எந்தச் செவுத்துல எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு இன்னும் கையை வெச்சுக் காட்டுவாங்க. 1977 நவம்பரையும் நான் பாத்திருக்கேன், எங்க அப்பா 1924ஐச் சொல்லியிருக்காரு. ஆறுங்க எல்லாம் அவங்கவங்க பிளானை அப்பப்ப திரும்ப எடுத்துப் பாக்குறாங்க. உங்க ஆபீசுலதான் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிடுறீங்க.

இத்தனை ஏக்கர் மண்ணை மேடாக்கி சிமெண்டு போட்டா, அங்க விழுற மழைத்தண்ணி எங்க போகும்? முன்ன மண்ணுக்குள்ள போச்சு, வயலுக்குப் போச்சு. இனிமே நேரா கோரையாத்துக்குத்தான். கோரையாறு அதை வாங்கிக்கிட்டு எங்க குடுக்கும்? கீழ இருக்கிறவன் வீட்டுக்குத்தான். பஸ் ஸ்டாண்டு கட்டினவருக்கு ஆறு வேற டிபார்ட்மெண்டு. ஆத்தைப் பாக்குறவருக்கு பஸ் ஸ்டாண்டு வேற டிபார்ட்மெண்டு. வெள்ளத்துக்கு மட்டும் டிபார்ட்மெண்டு கிடையாது, எல்லார் வீட்டுக்கும் வரும்.

அரைவட்டச் சாலைக் கதை தெரியுமில்ல? துவாக்குடியிலேருந்து பஞ்சப்பூர் வழியா ஊரைச் சுத்திப் போகணும்னு ரோடு வரைஞ்சாங்க. அளவுகோலை வெச்சு நேராக் கோடு போட்டாங்க, கோடு பல ஏரிகளுக்குள்ள இறங்கி ஏறிப் போச்சு. ஏரித் தண்ணியில பாயுற விவசாயி கோர்ட்டுக்குப் போனாரு. வேலை வருசக்கணக்குல நின்னுச்சு. கடைசியில ஏரி மேல பாலமாக் கட்டுறோம்னாங்க. கோடு போட்ட அன்னிக்கே பொதுப்பணித் துறைக்காரரையும் ஏரிப் பாசனக்காரரையும் ஒரு டீக்கு அழைச்சிருந்தா, பத்து ரூபா டீயில முடிஞ்சிருக்கும்.

தண்ணிக் கதை இன்னும் இருக்கு. உய்யக்கொண்டான் வாய்க்கால் ராஜராஜ சோழன் காலத்துதுன்னு சொல்லுவாங்க. பேட்டவாய்த்தலையில கிளம்பி, ஊரு நடுவுல பூந்து, வாழவந்தான்கோட்டை வரைக்கும் 71 கிலோமீட்டர் போகுது. 32,000 ஏக்கருக்குப் பாயுது, அதுல எங்க வயலும் ஒண்ணு, கடைமடை. ஆயிரம் வருசத்துக்கு முன்னால ஒருத்தரு போட்ட நீண்டகாலத் திட்டம் இன்னிக்கும் வேலை செய்யுது. நம்ம காலத்துல அதுக்கு என்ன சேத்தோம்? சாக்கடையைச் சேத்தோம். ஊருக்குள்ள நுழையுறப்ப காவிரி, வெளிய வர்றப்ப வேற ஜாதகம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர்ல திறந்தா எனக்குக் கிடைக்கிறதுல பாதி காவிரித் தண்ணி, பாதி உங்க புத்தூர், பாலக்கரை வீட்டுக் கழுவு தண்ணி. அதுல விளைஞ்ச கத்தரிக்காயைத்தான் உங்க வீட்டம்மா இங்க வந்து பேரம் பேசி வாங்குறாங்க. ஒருத்தருக்கொருத்தர் திருப்பிக் குடுத்துக்கிறோம், கணக்கு நேராயிடுச்சு.

குடிக்கிற தண்ணிக்குக் காவிரிக்குள்ளயும் கொள்ளிடத்துக்குள்ளயும் கிணறு இறக்கித்தான் எடுக்கிறாங்க. நமக்கு மட்டுமில்ல, குழாய் போட்டு ராமநாதபுரம் வரைக்கும் போகுது. அது மணல் வடிகட்டிக் குடுக்குற தண்ணி. அந்த மணலை அள்ளி வித்தா என்ன ஆகும்னு சொல்றதுக்குப் பட்டணத்துலேருந்து நிபுணர் வரணுமா? முக்கொம்புல 1838ல காட்டன் துரை கட்டி முடிச்ச மேலணையில, 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகு ஒண்ணாப் போச்சு. அதுக்குப் பதிலா 387 கோடிக்குப் புதுசாக் கட்ட வேண்டியதாப் போச்சு. அதே மாசம் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்துத் தூணும் விழுந்துச்சு. அடுத்தது காவிரிப் பாலம். 1976ல கட்டினது, 2022ல சரி பண்ண மூடினாங்க, 2023ல திறந்தாங்க. மூடின மாசமெல்லாம் ஸ்ரீரங்கத்து சனம் ஊரைச் சுத்தி வந்துச்சு. ஒரு தீவுக்கு எத்தனை பாலம் வேணும்னு ரங்கநாதரைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாரு, அவருதான் ரெண்டு ஆத்துக்கு நடுவுல படுத்திருக்காரு.

எல்லாரும் வேலை செய்யுறாங்க, தம்பி. நான் சொல்ல வர்றது அதுதான், யாரும் சும்மா இல்ல. தெருவை மாநகராட்சி போடும், பாதாளச் சாக்கடைக்கு அதே மாநகராட்சியே வெட்டும். மூடினதும் மின் வாரியம் கேபிளுக்கு வெட்டும். பாலம் நெடுஞ்சாலைத் துறை, பைபாஸ் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தண்டவாளத்துக்கு மேல ரயில்வே, ஆறு நீர்வளத் துறை, ஆத்தோரப் புறம்போக்கு வருவாய்த் துறை. ஒவ்வொருத்தருகிட்டயும் ஒரு பிளான் இருக்கு, ஒவ்வொண்ணும் தங்கம். ஊருக்குன்னு ஒண்ணு கேட்டா மட்டும் யாரு மேசையில இருக்குன்னு தெரிய மாட்டேங்குது. ஒரு தடவை வாய்க்கா மதகு அடைச்சுக்கிச்சுன்னு ஒரு ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். அடைச்சது குப்பை, அது எங்களுது இல்லைன்னாங்க. குப்பை ஆபீசுக்குப் போனேன், அடைச்ச இடம் மதகு, அது எங்களுது இல்லைன்னாங்க. அப்ப அது என்னுதுதான்னு புரிஞ்சுக்கிட்டு மம்பட்டியைத் தூக்கிட்டுப் போனேன்.

இதுக்கெல்லாம் சட்டத்துலயே மருந்து எழுதி வெச்சிருக்காங்க, படிச்சவரு நீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது. 1993ல நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துல மாவட்டத் திட்டக் குழுன்னு ஒண்ணு சொல்லியிருக்கு. ஊராட்சிங்க போட்ட திட்டத்தையும் நகராட்சி, மாநகராட்சி போட்ட திட்டத்தையும் ஒண்ணாச் சேத்து மாவட்டத்துக்கே ஒரு திட்டம் போடணும். தண்ணியைப் பங்கு வெக்கிறது, நிலத்தை எதுக்கு விடுறது, சுத்துப்புறத்தைக் காப்பாத்துறது எல்லாம் அதுல வரணும். குழுவுல அஞ்சுல நாலு பங்கு ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்களா இருக்கணும். என் கடைமடையும் உங்க பஸ் ஸ்டாண்டும் ஒரே காகிதத்துல பாத்துக்கிற இடம் அது ஒண்ணுதான். மருந்து எழுதின சீட்டு இருக்கு. மருந்தை வாங்கிக் குடிச்சவங்களை நான் பாக்கல.

மார்க்கெட்டை மாத்துறது மத்த ஊருல நடக்கலையா? சென்னைப் பட்டணத்துல கொத்தவால் சாவடின்னு இருந்துச்சு, இதைவிடப் பெரிய நெரிசல். அதை 1996ல கோயம்பேட்டுக்கு மாத்தினாங்க. பிளான் போட்டதும் பெருநகர வளர்ச்சிக் குழுமம்ங்கற சி.எம்.டி.ஏ., இடம் எடுத்ததும் சி.எம்.டி.ஏ., கட்டினதும் அதே ஆளுங்கதான். 2002ல பக்கத்துலயே வெளியூர் பஸ் ஸ்டாண்டு, 2015ல மெட்ரோ ரயில். முதல்ல முணுமுணுத்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாங்க. அதே ஆளுங்க அப்புறம் கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு கட்டினாங்க. 2023 டிசம்பர்ல திறந்தாச்சு. பக்கத்துலயே தண்டவாளம் ஓடுச்சு, ரயிலும் ஓடுச்சு, திறந்தப்ப நிக்கிறதுக்கு மட்டும் ஸ்டேஷன் இல்ல. சனம் மூட்டையோட ரோட்டுல நின்னு ரயிலுக்கு டாட்டா காட்டிச்சு. ஒரே வாத்தியாரு முதல் பரீட்சையில பாஸ், ரெண்டாவதுல தண்டவாளத்தை மறந்துட்டாரு.

வெள்ளைக்காரன் மட்டும் கெட்டிக்காரன்னு நினைக்காதீங்க. என் பேரன் போன்ல படிச்சுக் காட்டினான். பாரீஸ்ல லே ஆல்னு ஊரு நடுவுல பழைய மார்க்கெட்டு. 1969ல அதை ஊருக்கு வெளிய ருங்கிஸுக்கு மாத்தினாங்க. ரோடு, ரயிலு எல்லாம் போட்டு மாத்தினதால அது இன்னிக்கும் நல்லா ஓடுது. ஆனா காலி பண்ணின பழைய இடத்தை என்ன பண்றதுன்னு முன்னாலயே யோசிக்கல. இடிச்சுத் தோண்டிப்புட்டு வருசக்கணக்குல ஊரு நடுவுல பெரிய பள்ளத்தை வெச்சுக்கிட்டு முழிச்சாங்க. அதனால பஞ்சப்பூர் வந்தா இந்த இடம் என்ன ஆகும்னு இப்பவே எழுதிடுங்க. இங்க சில்லறை இருக்கட்டும். தரைக்கடைக்காரம்மாவுக்கு ஒரு நிழல் இருக்கட்டும். இல்லைன்னா யாராவது ஒரு மகராசன் இங்க ஏழு மாடி ஜவுளிக்கடைக்கு பிளான் வெச்சிருப்பாரு. அவரோட தொலைநோக்கைப் பத்தித்தான் முன்னாலயே சொன்னேனே.

நீண்டகாலத் திட்டம்னா ஸ்ரீரங்கத்தைப் பாருங்க. தெற்கு வாசல் ராஜகோபுரம் அச்சுத தேவராயர் காலத்துல ஆரம்பிச்சது. 1542ல அவரு போனாரு, வேலை நின்னுச்சு. 400 வருசம் மொட்டைக் கோபுரமா நின்னு, 1987ல 236 அடிக்கு எழும்பி முடிஞ்சுச்சு. நடுவுல எத்தனை ராஜா, நவாப்பு, கலெக்டரு, மந்திரி வந்து போனாங்க! அடுத்து வந்தவரு யாரும் இது முந்தின ஆட்சிக்காரரு போட்ட அஸ்திவாரம்னு இடிச்சுட்டு வேற கோபுரம் கட்டல. கோபுரம் 236 அடி, பஞ்சப்பூர் மார்க்கெட்டும் 236 கோடி. பொருத்தம் பிரமாதம். அந்த 400 வருசம் மட்டும் பொருந்தாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அதே ஊருல சித்திரை வீதியைப் பாருங்க, தேரு திரும்புற அகலத்துக்கு விட்டிருக்காங்க. முதல்ல தேரோட அளவை எடுத்தாங்க, அப்புறம் வீதியை விட்டாங்க, அப்புறம் வீடு கட்டினாங்க. நாம வீட்டைக் கட்டிட்டு வீதியை விட்டுட்டு தேரை எங்க நிறுத்துறதுன்னு கமிட்டி போடுறோம்.

இவ்வளவு சொன்னேன், சும்மா அனுப்பக் கூடாது. கெழவன் சொல்ற நாலு வார்த்தையை அந்த மேப்போட ஓரத்துல பென்சில்ல எழுதிக்குங்க, அழிக்கணும்னா அப்புறம் அழிச்சுக்கலாம்.

முதல்ல தண்ணி. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் மழைத்தண்ணி எங்க போகும், குடிதண்ணி எங்கேருந்து வரும், கழிவுத்தண்ணி எங்க சேரும்னு மூணு பதில் எழுதின பின்னாலதான் மத்த காகிதத்துல கையெழுத்து. கோரையாத்துக்கு எவ்வளவு அகலம் வேணும்னு 2005 வெள்ளத்தைக் கேட்டு எழுதுங்க, வறட்சி வருசத்தைக் கேட்காதீங்க.

அடுத்தது ஆளு. காய் லாரியில வந்துடும். லோடுமேனும் கீரைக்காரம்மாவும் ராத்திரி ஒரு மணிக்கு எதுல வருவாங்க? லால்குடியிலேருந்து, முசிறியிலேருந்து, திருவெறும்பூர்லேருந்து பஞ்சப்பூருக்கு நடுராத்திரி டவுன் பஸ் ஓடட்டும். கடை திறக்குறதுக்கு ஆறு மாசம் முன்னாலயே ஓடட்டும், காலியா ஓடினாலும் ஓடட்டும். ஆளில்லாத பஸ்ஸை ஓட்ட ஆகுற டீசல், ஆளில்லாத மார்க்கெட்டுக்கு வெள்ளையடிக்கிற செலவை விடக் கம்மிதான்.

மூணாவது குப்பை. இந்த மார்க்கெட்டுக் கழிவு அழுகுற சரக்கு, ஒரு நாள் நின்னா நாறிடும். ஊருக் குப்பை எல்லாம் அரியமங்கலத்துல 47 ஏக்கருக்கு மலையாக் குவிஞ்சு, அதுல தீப்பிடிச்சு, அந்தப் புகையிலயே ஒரு தலைமுறை வளந்துச்சு. அந்த மலையைக் கரைக்கவே தனியாத் திட்டம் போட வேண்டியிருக்கு. புது இடத்துல தழையை அங்கயே எருவாக்குங்க, எங்களுக்கே வித்துடுங்க, நாங்க வாங்கிக்கிறோம். கோரையாத்துக்கு மட்டும் குடுத்துடாதீங்க.

நாலாவது ஒரே பேரேடு. மண்டியில யாரு என்ன கொண்டாந்தாலும் ஒரே நோட்டுலதான் எழுதுவாங்க, அப்பத்தான் சாயங்காலம் கணக்குத் தீரும். ரோட்டுக்காரரு, தண்ணிக்காரரு, பஸ்காரரு, மார்க்கெட்டுக்காரரு எல்லாரும் வெட்டுறதுக்கும் கட்டுறதுக்கும் முன்னால ஒரே நோட்டுல எழுதட்டும். நோட்டை மாவட்டத் திட்டக் குழுவுல வைங்க, மாசம் ஒரு தடவை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. எதுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ளன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும். சொன்ன தேதி தவறினா, யாரு தவறினாங்கங்கறதும் அதே நோட்டுல இருக்கட்டும்.

எழுதிட்டீங்களா? சரி, இனி மேப்பைச் சுருட்டுங்க, டீக்கு நான் குடுத்துடுறேன், கவர்மெண்டுக்கு என்னோட பங்களிப்பா இருக்கட்டும். பஞ்சப்பூர் மார்க்கெட்டுக்கு நாங்க வருவோம், வரமாட்டோம்னு யாரும் சத்தியம் பண்ணல. ராத்திரி பஸ்ஸு, ஆத்துக்கு இடம், குப்பைக்கு வழி, கடைக்கு அகலம் இந்த நாலும் ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னால வந்துட்டா, மூட்டையை நானே முதல் ஆளாத் தூக்கிட்டு வரேன். வரலைன்னா 77 கோடிக் கள்ளிக்குடிக்கு 236 கோடியில ஒரு தங்கச்சி பொறந்திருக்கான்னு இந்த மார்க்கெட்டே பேசும். அந்தப் பேரு உங்களுக்கு வேணாம், தம்பி.